ஃபீட்டாலஜி: அகராதியில் உண்டு, ஆஸ்பத்திரிப் பலகையில் அரிது

எம்ப்ரியாலஜி தெரியும், பள்ளி உயிரியல் புத்தகத்திலேயே 'கருவியல்' என்று வந்துவிடுகிறது. கைனகாலஜி தெரியாதவர்கள் குறைவு. ஃபீட்டாலஜி? ஒரு டாக்டரிடமே இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஃபீட்டல் மெடிசினைச் சொல்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்க வாய்ப்பு அதிகம். சொல்லில் தவறு ஏதும் இல்லை. மருத்துவ அகராதிகளில் இருக்கிறது, ஒரு பெரிய பாடநூலின் அட்டையில்கூட இருக்கிறது. புழக்கத்தில்தான் குறைவு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். தாயின் கருப்பைக்குள் இருக்கும் சிசுவைப் பற்றிய படிப்புதான் ஃபீட்டாலஜி. அது எப்படி வளர்கிறது, அதன் இதயமும் சிறுநீரகமும் எப்படி வேலை செய்கின்றன, அதற்கு என்ன நோய் வரலாம், பிறக்கும் முன்பே அதற்கு என்ன வைத்தியம் செய்யலாம் என்பதெல்லாம் இதில் அடக்கம். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் 'அதுதான் கருவியல் ஆயிற்றே, இதற்கு எதற்குத் தனிப் பெயர்?' என்ற கேள்வி உடனே வரும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சொல்லைப் பிரித்தால் முன்பாதி லத்தீன், பின்பாதி கிரேக்கம். 'ஃபீட்டஸ்' லத்தீனில் ஈன்றதை, ஈனப்படுவதைக் குறிக்கும் சொல். 'லாஜி' நமக்குப் பழகிய கிரேக்கப் பின்னொட்டு. இரண்டு மொழிகளைக் கலந்து சொல் செய்வதில் மருத்துவர்களுக்குத் தயக்கம் கிடையாது. டெலிவிஷன்கூட இப்படிப் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் நடுவில் கூடுதலாக ஒரு 'ஓ' சேர்ப்பார்கள். பிரிட்டிஷ் வழக்கம் அது. பழைய லத்தீனில் அந்த 'ஓ' இல்லை, பிற்காலத்தில் தவறாக ஒட்டிக்கொண்டது. எப்படி எழுதினாலும் உச்சரிப்பு ஒன்றுதான்: 'ஃபீ' நெடில். தமிழ் எழுத்தில் எழுதும் நமக்கு இந்த 'ஓ' வழக்கே இல்லை.

சரி, கருவியலுக்கு வருவோம். கருத்தரித்த நாளிலிருந்து எட்டு வாரம் முடியும்வரை உள்ளே இருப்பது எம்ப்ரியோ. அதற்குப் பிறகு பிறக்கும்வரை ஃபீட்டஸ். ஏன் எட்டு வாரம்? அதற்குள் முக்கிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாகிவிடும். இதயம் துடிக்கிறது, கைகால் விரல்கள் பிரிந்துவிட்டன, தலை முதல் பிட்டம் வரை சுமார் 3 செ.மீ. நீளம். அதன் பிறகு பெரும்பாலும் நடப்பது, போட்ட அடித்தளம் வளர்வதும் முதிர்வதும்தான். எட்டாவது வாரம் முடியும் இரவில் உள்ளே மணி எதுவும் அடிப்பதில்லை. கோடு நாம் போட்டது, படிக்கும் வசதிக்காக.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. ஒரு புத்தகம் எட்டு வாரம் என்கிறது, இன்னொன்று பத்து வாரம் என்கிறது. இரண்டும் சரி. கருவியல்காரர்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மகப்பேறு மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ஏனென்றால் அந்தத் தேதிதான் தாய்க்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு வாரம். மொத்தக் கர்ப்பகாலம் ஒரு கணக்கில் 266 நாள், இன்னொரு கணக்கில் 280 நாள் என்று வருவதும் இதனால்தான். வாரக் கணக்கு எதைப் படித்தாலும், எந்தக் கடிகாரத்தில் எண்ணியிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, வயதை வைத்துப் பார்த்தால் எம்ப்ரியாலஜி முதல் எட்டு வாரம், ஃபீட்டாலஜி மிச்சம் உள்ள மாதங்கள். இந்த அளவோடு நிறுத்திவிடுகிற அகராதிகள் உண்டு. எனக்கு அது போதாது என்று படுகிறது. இரண்டு படிப்புகளும் கேட்கும் கேள்வியே வேறு. கருவியல் 'இது எப்படி உருவாகிறது?' என்று கேட்கும். ஃபீட்டாலஜி 'இவர் எப்படி இருக்கிறார்?' என்று கேட்கும். முன்னது ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்ப்பது. பின்னது ஒரு நோயாளியின் கட்டில் அருகே போய் நிற்பது.

ஆனால் இந்த நோயாளி வாழும் முறையே தனி. பெரியவர்களுக்கான உடலியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைப் படிக்க முடியாது. ஒரு உதாரணம். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே திறப்பு இருக்கிறது என்று பெரியவர் ஒருவருக்கு ரிப்போர்ட் வந்தால் வீடே பதறும். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு அந்தத் திறப்பு இருந்தே ஆகவேண்டும். அதன் நுரையீரலில் இருப்பது காற்றல்ல, திரவம். மூச்சு விடும் வேலையை நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்கிறது. எனவே நுரையீரலுக்கு ரத்தத்தை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. மேலறைத் திறப்பு ஒரு குறுக்குவழி. நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு குட்டிக் குழாய் இன்னொரு குறுக்குவழி. இரண்டும் சேர்ந்து ரத்தத்தின் பெரும்பகுதியை நுரையீரலுக்குப் போகவிடாமல் திருப்பி விடுகின்றன. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் ஆட்டமே மாறி, இந்த வழிகள் அடைபடத் தொடங்கும். சில சாதாரண வலி மாத்திரைகளைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு ஒரு காரணம், அவை அந்தக் குட்டிக் குழாயை நேரத்துக்கு முன்பே சுருங்க வைத்துவிடலாம் என்பதுதான். தாய்க்குத் தலைவலி போகும், உள்ளே இருப்பவருக்கு நெருக்கடி.

பனிக்குட நீரையும் சொல்ல வேண்டும். அது சும்மா ஒரு மெத்தை என்றுதான் பலரும் நினைக்கிறோம். கர்ப்பத்தின் பிற்பாதியில் அந்த நீரில் பெரும்பங்கு சிசு கழிக்கும் சிறுநீர். அதையே சிசு விழுங்குகிறது, மறுபடி கழிக்கிறது. முகம் சுளிக்காதீர்கள், கழிவை எடுத்துப்போகும் வேலை நஞ்சுக்கொடியுடையது. இந்த நீர் சுத்தமானதுதான். நீர் குறைந்தால் சிறுநீரகத்திலோ நஞ்சுக்கொடியிலோ கோளாறு இருக்கலாம். நீர் அளவுக்கு மீறி இருந்தால் சிசுவால் விழுங்க முடியவில்லையோ என்றும் பார்ப்பார்கள். நீர் வெகு முன்கூட்டியே வற்றிப்போனால் நுரையீரல் சரியாக வளராது. ஒரு நீரின் அளவை வைத்து இத்தனை உறுப்புகளை ஊகிக்கிறார்கள் என்பது முதலில் படித்தபோது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது.

இந்த நீரிலிருந்துதான் ஃபீட்டாலஜியின் கதையும் தொடங்குகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், தேசிய மகளிர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் வில்லியம் லைலி. அவரை ஃபீட்டாலஜியின் தந்தை என்பார்கள். அவர் எதிர்கொண்ட நோய் ஆர்.எச். பொருத்தமின்மை. தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், சிசுவின் ரத்தம் பாசிட்டிவ். முதல் பிரசவத்தின்போது சிசுவின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டால், தாயின் உடல் அதை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்பொருள்களைத் தயார் செய்து வைத்துக்கொள்ளும். அடுத்த குழந்தைக்கு அவை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். சிசுவுக்குக் கடுமையான ரத்தசோகை, உடல் முழுக்க நீர்க்கோவை, கடைசியில் மரணம்.

உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் மஞ்சள் நிறப் பொருள் பிலிருபின், பனிக்குட நீரிலும் கலக்கிறது. லைலி தாயின் வயிற்றில் ஊசி செலுத்திக் கொஞ்சம் நீரை எடுத்து, 450 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார். மஞ்சள் கூடக்கூட உறிஞ்சுவதும் கூடும். கர்ப்ப வாரத்தையும் இந்த அளவையும் சேர்த்து அவர் 1961-ல் வெளியிட்ட வரைபடத்தில் மூன்று மண்டலங்கள். கீழ் மண்டலம் என்றால் பயமில்லை. நடு மண்டலம் என்றால் கவனமாகத் தொடர வேண்டும். மேல் மண்டலம் என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். ஆனால் என்ன செய்வது? குழந்தையைச் சீக்கிரம் வெளியே எடுக்கலாம். ரொம்பச் சீக்கிரம் என்றால் வெளியே எடுத்தும் பிழைக்காது. 'இந்தச் சிசு சாகப்போகிறது' என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது, காப்பாற்ற முடியவில்லை. ஒரு மருத்துவருக்கு இதைவிடக் கொடுமையான அறிவு இருக்க முடியாது.

நீர் எடுக்கப் போகும் ஊசி எப்போதாவது தவறிச் சிசுவின் வயிற்றிலேயே இறங்கிவிடுவது உண்டு. தவறிப் போவதையே வேண்டுமென்று செய்தால்? குழந்தைகளின் வயிற்றறையில் செலுத்திய ரத்தத்தை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். சிசுவுக்கும் அது பொருந்தும் அல்லவா? ஸ்கேன் கருவி இன்னும் கைக்கு வராத காலம். ஊசி எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய சாயத்தைப் பனிக்குட நீரில் செலுத்தினார்கள். சிசு வழக்கம்போல விழுங்கியது. சாயம் குடலுக்குப் போனதும் எக்ஸ்ரேயில் குடல் எங்கே என்று துலங்கிவிட்டது. நோயாளியே தன் வயிறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. முதல் முயற்சிகள் தோற்றன. 1963 செப்டம்பரில், கருப்பைக்குள்ளேயே ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு குழந்தை உயிரோடு பிறந்தது.

அந்த நாளுக்கு முன்பு கருப்பைக்குள் இருந்தது ஒரு 'கர்ப்பம்'. அதற்குப் பிறகு, தனக்கென்று ஒரு நோயும் அதற்கென்று ஒரு வைத்தியமும் உள்ள ஒரு 'நோயாளி'. ஃபீட்டாலஜி என்ற சொல்லுக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது என்பது என் எண்ணம்.

கண் அதற்குப் பிறகு கிடைத்தது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் அல்ட்ராசவுண்டை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்த கட்டுரை 1958-லேயே வெளியாகிவிட்டது. ஆனால் தெளிவான, அசையும் படங்கள் சாதாரணமாகக் கிடைக்க 1970-களும் 80-களும் ஆயின. இன்று ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தால், நீங்கள் படிப்பது ஃபீட்டாலஜிதான், பெயர்தான் போட்டிருக்காது. 'சிஆர்எல்' என்றால் தலை முதல் பிட்டம் வரை நீளம். அது 60 மி.மீ. என்று இருந்தால் கர்ப்பம் சுமார் பன்னிரண்டரை வாரம். ஆரம்ப வாரங்களில் தேதி கணிக்க இதைவிட நம்பகமான அளவு இல்லை. பிறகு வரும் ஸ்கேன்களில் 'பிபிடி' தலையின் அகலம், 'எச்.சி.' தலைச் சுற்றளவு, 'எஃப்எல்' தொடை எலும்பின் நீளம். 'ஏசி' என்பது குளிரூட்டி அல்ல, வயிற்றுச் சுற்றளவு. சிசுவுக்கு ஊட்டம் போதவில்லை என்றால் பெரும்பாலும் முதலில் பின்தங்குவது இந்த ஏசிதான், ஏனென்றால் கல்லீரலின் சேமிப்பு கரைகிறது. தலையை உடல் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கும். இப்படி அளந்து பார்ப்பதற்கு 'ஃபீட்டோமெட்ரி' என்று இன்னொரு அரிய பெயர் உண்டு. நடைமுறையில் 'பயோமெட்ரி' என்றே சொல்கிறார்கள்.

அக்கம்பக்கத்துச் சொற்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டெரட்டாலஜி பிறவிக் குறைபாடுகள் ஏன் வருகின்றன என்று படிப்பது. நியோநேட்டாலஜி பிறந்த முதல் சில வாரங்களைப் பார்ப்பது. பெரினேட்டாலஜி பிறப்புக்குச் சற்று முன்னும் பின்னும் சேர்த்துப் பார்ப்பது. ஃபீட்டோஸ்கோப் என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். தாயின் வயிற்றில் வைத்துச் சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்கும் எளிய குழலுக்கும் அந்தப் பெயர், கருப்பைக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கேமராக் குழாய்க்கும் அதே பெயர். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளவேண்டியதுதான்.

அப்புறம் ஏன் ஃபீட்டாலஜி என்ற சொல் நிலைக்கவில்லை? இந்தத் துறை வளராமல் போகவில்லை, எக்கச்சக்கமாக வளர்ந்தது. 1981-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் கருப்பையைத் திறந்து, சிறுநீர்ப் பாதை அடைபட்ட சிசுவுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில் ஒருவர் ரத்தம் மற்றவருக்குப் போய்விடும் நிலைக்கு, இணைப்பு நாளங்களை லேசர் கொண்டு மூடும் முறை வந்தது. துறை இருக்கிறது, பெயர்தான் மாறிவிட்டது: 'ஃபீட்டல் மெடிசின்' அல்லது 'தாய்-சேய் மருத்துவம்'.

என் ஊகம் இது. ஃபீட்டாலஜி என்ற பெயர் சிசுவை மட்டும் தனியே எடுத்து மேஜையில் வைக்கிறது. ஆனால் சிசுவைத் தொட வேண்டுமானால் தாயின் தோல், தாயின் கருப்பை, தாயின் சம்மதம் எல்லாவற்றையும் தாண்டித்தான் போக முடியும். முதுகெலும்பு மூடாத சிசுக்களுக்கு, கருப்பைக்குள்ளேயே அறுவை செய்வதையும் பிறந்த பிறகு செய்வதையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2011-ல் வெளிவந்தது. இந்தச் சிசுக்களில் பலருக்கு மூளையில் நீர் தேங்கும். அதை வடிக்கும் குழாய் ஓராண்டுக்குள் தேவைப்பட்டது, பிறந்தபின் அறுவை செய்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு. உள்ளேயே செய்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு. அபாரமான வித்தியாசம். அதே ஆய்வில், உள்ளேயே அறுவை செய்தவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம், பிரசவத்தின்போது கருப்பைத் தழும்பு மெலிந்தோ பிரிந்தோ இருந்த தாய்மார்களும் இருந்தார்கள். லாபம் ஒருவருக்கு, தழும்பு இன்னொருவருக்கு. இரண்டு பேரையும் சொல்லாத ஒரு பெயர் இந்த வேலைக்குப் பொருந்தாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் விளக்கம் முழுமையாகாது. லைலி கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்தவர். பின்னாளில் அந்த விவாதங்களிலும் இந்தச் சொல் அடிபட்டது. அதனால் ஒரு கட்டுரையில் 'ஃபீட்டாலஜி' என்று பார்த்தால், அது மருத்துவம் பேசுகிறதா, விவாதம் பேசுகிறதா என்று சுற்றியுள்ள வரிகளைப் படித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

தமிழில் என்ன சொல்வது? 'கருவியல்' ஏற்கெனவே எம்ப்ரியாலஜிக்குப் போய்விட்டது (அதையும் அவசரத்தில் படித்தால் கருவிகள் பற்றிய 'கருவியியல்' ஆகிவிடும்). 'சிசுவியல்' என்றால் பிறந்த குழந்தை நினைவுக்கு வரும், ஏனென்றால் சிசு என்ற சொல்லை நாம் இரண்டு பேருக்கும் வைத்திருக்கிறோம். நானே இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எம்ப்ரியோவை முளையம், முளைக்கரு என்றும் ஃபீட்டஸை முதிர்கரு என்றும் எழுதும் வழக்கம் இருக்கிறது. அந்த வழியில் போனால் 'முதிர்கருவியல்'. பத்து வாரத்தில் கட்டைவிரல் நீளம்கூட வராத ஒன்றை 'முதிர்' என்பது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் எட்டு வாரக் கோட்டை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டும் சொல் அதுதான். எழுத்தில் 'முதிர்கருவியல்', பேச்சில் 'ஃபீட்டல் மெடிசின்' என்று வைத்துக்கொள்வேன்.

பயன்படுத்தும்போது இப்படி வரும்: "கருப்பைக்குள் ரத்தம் ஏற்றியது முதிர்கருவியல் வரலாற்றில் ஒரு திருப்பம்" என்று எழுதலாம். "எட்டு வாரக் கருவின் இதயம் உருவாவதைப் பற்றிய முதிர்கருவியல்" என்று எழுதினால் தவறு, அது கருவியல். "ஃபீட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னார்கள்" என்று யாராவது சொன்னால் புரியும், ஆனால் ஆஸ்பத்திரி வரவேற்பில் 'ஃபீட்டல் மெடிசின் டாக்டர்' என்று கேட்டால்தான் அறை எண் சீக்கிரம் கிடைக்கும்.

லைலியின் வரைபடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அதை இன்று பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. ரத்தசோகை வந்தால் ரத்தம் நீர்த்துப் போகும், நீர்த்த ரத்தம் வேகமாக ஓடும். சிசுவின் மூளைக்குப் போகும் ஒரு தமனியில் ரத்தத்தின் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்தாலே கடுமையான ரத்தசோகையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2000-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த வாரத்துக்கு உரிய நடு அளவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம் இருந்தால் எச்சரிக்கை. வரைபடம் போட நீர் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த நோயில் ஊசி இப்போது பெரும்பாலும் ரத்தம் ஏற்றுவதற்குத்தான். அதுவும் வயிற்றறைக்குப் பதில் பெரும்பாலும் தொப்புள்கொடியின் சிரைக்குள், திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே.